ஆங்கிலத்தில் எழுதியது எங்கேயோ உதைக்கிறதா? அறிகுறி பார்த்துப் பிழை பிடிக்கும் வழி

எனக்கு வாட்ஸ்அப்பில் வரும் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே வரியோடுதான் வரும்: "அக்கா, கிராமர் மட்டும் ஒருக்கா பாத்துத் தாங்கோ." ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலப் பரீட்சைக்கான கட்டுரையாக இருக்கும், வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு எழுதும் விண்ணப்பக் கடிதமாக இருக்கும், ஏ.எல். என்கிற உயர்தரப் பரீட்சையின் ஜெனரல் இங்கிலிஷ் பேப்பருக்குப் பழகியதாக இருக்கும். திறந்து பார்த்தால் கிராமர் என்று அவர்கள் பயப்படுகிற இடத்தில் பெரிய பிழை இருக்காது. தமிழில் யோசித்த ஒழுங்கு அப்படியே இருக்க, சொற்கள் மட்டும் ஆங்கிலத்துக்கு மாறியிருக்கும். இல்லாவிட்டால் வசனமெல்லாம் நேராக நிற்க, வாதம் நொண்டும். ஒரே விளக்கத்தைத் திரும்பத் திரும்பத் தட்டி அலுத்துப்போய்த்தான் எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதிவைக்கிறேன்.

உங்களுக்கு எந்த அறிகுறி தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், மினக்கெட வேண்டியது கடைசியில். ஆங்கில உதாரணங்களைத் தமிழ் எழுத்திலேயே போட்டிருக்கிறேன், வாய்விட்டு வாசித்தால் பிடிபடும்.

## அறிகுறி: திரை முழுக்கச் சிவப்புக் கோடு

பதறவேண்டாம். முதலில் வேர்ட்டில் மொழி அமைப்பைப் பாருங்கள். அது அமெரிக்க ஆங்கிலத்தில் கிடக்கும், நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தது பிரித்தானிய எழுத்துக்கூட்டல். "கலர்" என்பதற்கு ஒரு யூ கூடிப்போனதற்கே அது சிவப்புக் கோடு இழுக்கும். அமைப்பை மாற்றினால் அநேகமான கோடுகள் போய்விடும். மிஞ்சுவதுதான் உண்மையான பிழை. அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கு எழுதுகிறீர்கள் என்றால் அமெரிக்க முறையிலேயே எழுதலாம், ஐஈஎல்டிஎஸ் இரண்டையும் ஏற்கும், ஆனால் ஒரே கட்டுரைக்குள் இரண்டையும் கலக்காதீர்கள்.

நீலக் கோடு வேறு கதை. அது ஆலோசனைதான், தீர்ப்பு இல்லை. அது சொன்னபடியெல்லாம் மாற்றி, எழுதியவருக்கே விளங்காமல் போன கட்டுரைகளும் எனக்கு வருகின்றன.

## அறிகுறி: வாசிப்பவருக்கு மூச்சு வாங்குகிறது

முதலில் கொமாவைப் பாருங்கள். பென்சிலால் வினைமுற்று ஒவ்வொன்றின் கீழும் கோடு போடுங்கள். தனித்து நிற்கக்கூடிய இரண்டு வசனத்துக்கு நடுவில் வெறும் கொமா மட்டும் இருந்தால் அதுதான் ஆள்: "ஐ வென்ட் டு த பேங்க், இட் வோஸ் க்ளோஸ்ட்." தமிழில் "வங்கிக்குப் போனேன், பூட்டியிருந்தது" என்றால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். ஆங்கிலத்தில் இதற்குக் கொமா ஸ்ப்ளைஸ் என்று பெயர் வைத்துப் பரீட்சைப் புள்ளியை வெட்டுவார்கள். முற்றுப்புள்ளி போடுங்கள், அல்லது கொமாவுக்குப் பிறகு "பட்" சேருங்கள்.

அடுத்தது இணைப்புச் சொல். "ஓல்தோ" என்று தொடங்கி நடுவில் "பட்" வந்திருக்கிறதா? "பிகோஸ்" என்று தொடங்கி நடுவில் "சோ"? ஒன்றை எடுத்துவிடுங்கள். எதை எடுத்தாலும் வசனம் நிற்கும். இதற்கு மறுபக்கமும் உண்டு: "பிகோஸ் ஐ வோஸ் சிக்" என்று எழுதி முற்றுப்புள்ளி. தமிழில் "ஏனென்றால் எனக்குச் சுகமில்லை" தனியே நிற்கும், ஆங்கிலத்தில் அதை முன் வசனத்தோடு ஒட்டவேண்டும்.

இரண்டும் இல்லையென்றால் கொஞ்சம் மினக்கெட வேண்டும். எழுவாய்க்கும் அதன் வினைக்கும் நடுவில் எத்தனை சொல் கிடக்கிறது என்று எண்ணுங்கள். தமிழ் வாசகர் வினை கடைசியில்தான் வரும் என்று பொறுமையாக இருப்பார். ஆங்கில வாசகர் எழுவாயைக் கண்ட உடனேயே வினையைத் தேடத் தொடங்கிவிடுவார். "நெடுந்தீவிலிருந்து படகிலும் பிறகு பஸ்ஸிலும் வந்து நகரத்துப் பள்ளிக்கூடத்தில் படிக்கின்ற, வீட்டில் ஆங்கிலம் கேட்க வாய்ப்பில்லாத மாணவர்கள்" என்பதையெல்லாம் எழுவாயாக வைத்துவிட்டுப் பிறகு வினைக்கு வந்தால் ஆள் பாதி வழியிலேயே இறங்கிவிடுவார். இரண்டாக வெட்டுங்கள். யார் என்பது முதல் வசனம், அவர்களுக்கு என்ன என்பது இரண்டாவது.

## அறிகுறி: இலக்கணம் சரிபோலத்தான் இருக்கிறது, ஆனால் வாசிப்பவர் சிரிக்கிறார்

"வோக்கிங் டு த மார்க்கெட், த ரெயின் ஸ்டார்டட்." எழுதியவர் சொல்ல வந்தது, திருநெல்வேலிச் சந்தைக்கு நடந்து போகும்போது மழை பிடித்துக்கொண்டது என்று. எழுதியிருப்பதோ, மழை சந்தைக்கு நடந்துபோகிறது. இதற்கு டாங்லிங் மொடிஃபயர் என்று பெயர். பெயர் தெரிந்து பயனில்லை, பிடிக்கத் தெரியவேண்டும்.

பிடிக்கிற வழி எங்கள் கையிலேயே இருக்கிறது. தொல்காப்பியம் வினையியலில் சொல்லும் விதிதான்: "செய்து" என்ற வாய்பாட்டு வினையெச்சம், முடிக்கும் வினையின் எழுவாயையே தனக்கும் எழுவாயாகக் கொள்ளும். ஆகவே "-இங்" என்று தொடங்கும் வசனத்தின் முன்பாதியை "செய்து" என்று தமிழாக்கிப் பாருங்கள். "சந்தைக்கு நடந்துபோய், மழை தொடங்கியது." காது உடனே மறுக்கும். "சந்தைக்கு நடந்துபோய், நான் நனைந்தேன்." ஒன்றும் உதைக்கவில்லை, அப்படியென்றால் ஆங்கிலத்திலும் கொமாவுக்குப் பிறகு "ஐ" வரவேண்டும்.

இந்தச் சோதனை ஏமாற்றும் இடம் ஒன்று இருக்கிறது, கெட்டிக்காரப் பிள்ளைகளும் அதில்தான் விழுகிறார்கள். "மழை பெய்து வெள்ளம் வந்தது" என்று தமிழில் தாராளமாகச் சொல்லலாம். முதல் வினை காரணம், அடுத்தது காரியம் என்றால் எழுவாய் வேறானாலும் தமிழ் விட்டுக்கொடுக்கும். ஆங்கிலம் விட்டுக்கொடுக்காது. அதனால் காரண காரியம் வருகிற வசனத்தில் இந்தச் சோதனையை நம்பாதீர்கள், "பிகோஸ்" போட்டு இரண்டு எழுவாயையும் வெளியே எழுதிவிடுங்கள்.

சிரிப்பு இன்னும் நிற்கவில்லையா? வசனத்தின் கடைசியில் தொங்கும் சொற்றொடரைப் பாருங்கள். "ஐ சோ அ டோக் கோயிங் டு ஸ்கூல் இன் த பஸ்." பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனது நாயா? தமிழில் "பஸ்ஸில் பள்ளிக்கூடம் போகும்போது நாயைக் கண்டேன்" என்று அடை முன்னே வருவதால் குழப்பமில்லை. ஆங்கிலத்தில் பின்னே ஒட்டும் தொடர் தனக்குப் பக்கத்தில் உள்ள பெயரைத்தான் பிடித்துக்கொள்ளும். இடத்தை மாற்றினால் போதும். "ஒன்லி" என்ற சொல்லும் இதே மாதிரி ஊர் சுற்றும், எதைக் கட்டுப்படுத்த வேண்டுமோ அதற்கு முன்னால் வையுங்கள்.

## அறிகுறி: ரீச்சர் பக்கம் முழுக்க ஆர்ட்டிக்கிள் என்று வட்டம் போடுகிறார்

எண்ணக்கூடிய, ஒருமையான பெயர்ச்சொல் ஒன்று ஆங்கிலத்தில் வெறும் மேலோடு நிற்காது. "ஐ போட் புக்" இல்லை. முன்னால் "அ" வேண்டும், அல்லது "த", அல்லது "மை", "திஸ்" என்று ஏதாவது. முதல் சுற்றில் வெறும் மேலோடு நிற்கும் பெயர்களை மட்டும் பிடியுங்கள். எது பொருந்தும் என்ற கேள்வி பிறகு.

இரண்டாம் சுற்றுக்குத் தமிழே உதவும். தமிழில் ஆர்ட்டிக்கிள் இல்லை என்று எல்லாரும் சொல்வார்கள், ஆனால் அந்த வேலையில் ஒரு பகுதியை ஐ உருபு செய்கிறது. "புத்தகம் வாங்கினேன்" என்றால் ஏதோ ஒரு புத்தகம், அங்கே "அ". "புத்தகத்தை வாங்கினேன்" என்றால் இருவருக்கும் தெரிந்த புத்தகம், அங்கே "த". ஐ உருபோடு "ஒரு" சேர்ந்து வந்தால் "ஒரு" தான் வெல்லும், "அ" போடுங்கள். ஆட்களுக்கு இந்தச் சோதனை சரிவராது, ஏனென்றால் "டொக்டரைப் பார்த்தேன்" என்று ஐ எப்படியும் வந்துவிடும். எழுவாயாக நிற்கும் பெயருக்கும் சரிவராது, அங்கே உருபே இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் "எந்த?" என்று கேளுங்கள். வாசகருக்குப் பதில் தெரியும் என்றால் "த".

ஊர்ப்பெயரில் விழுபவர்கள் அதிகம். யாழ்ப்பாணத்துக்கு "த" வராது, யாழ். குடாநாட்டுக்கு வரும். யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கும் வரும். "அன்" என்பது எழுத்தைப் பார்த்து வருவதில்லை, ஓசையைப் பார்த்து வருவது: "அ யூனிவர்சிட்டி", ஆனால் "அன் அவர்". "அட்வைஸ்", "இன்ஃபர்மேஷன்", "ஃபேர்னிச்சர்" மூன்றுக்கும் பன்மையும் கிடையாது, "அ"வும் கிடையாது.

இவ்வளவும் பார்த்த பிறகும் வட்டம் விழுந்தால் விட்டுவிடுங்கள். ஆர்ட்டிக்கிள் பிழையால் அநேகமாகப் பொருள் கெடுவதில்லை, அதற்குச் செலவிடுகிற நேரத்தைக் கீழே உள்ள வாதக் கோளாறுகளில் செலவிட்டால் புள்ளி கூடும்.

## அறிகுறி: காலம் குழம்புகிறது

இதில் நீட்டி முழக்க ஒன்றுமில்லை. "நேற்று வந்திருக்கிறார்" என்பது தமிழில் சரி, அதனால் "ஹி ஹாஸ் கம் யெஸ்டர்டே" என்று வந்துவிடுகிறது. முடிந்த நேரம் ஒன்றைச் சொல்லிவிட்டால் "ஹாஸ்" வராது, "ஹி கேம்" தான். "2019 இலிருந்து இங்கே இருக்கிறேன்" என்பதற்குத் தமிழில் நிகழ்காலம் போதும், ஆங்கிலத்தில் "ஹாவ் பீன் லிவிங்" வேண்டும். தொடங்கிய நேரத்துக்கு "சின்ஸ்", நீண்ட அளவுக்கு "ஃபோர்". "ஐ ஆம் ஹாவிங் டூ பிரதர்ஸ்" வேண்டாம், சகோதரர்கள் நடந்துகொண்டிருக்கும் ஒரு செயல் இல்லை. படர்க்கை ஒருமை நிகழ்காலத்தில் "ஸ்" விடுபட்டிருந்தால் அது கவனக்குறைவு மட்டும்தான், கடைசி வசனத்திலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு வசனமாக வாசித்தால் கண்ணில் படும்.

## அறிகுறி: பெரிய சொல், அழகான உவமை எல்லாம் போட்டும் புள்ளி ஏறவில்லை

அணியிலக்கணம் விரும்பிப் படித்தவர், மேடைப் பேச்சுப் போட்டியில் பரிசெடுத்தவர், இவர்களுக்குத்தான் இந்த நோய் கூடுதலாக வரும்.

முதல் சோதனை, முதல் பந்தி. "இன் திஸ் மொடர்ன் வேர்ல்ட்" என்று தொடங்கும் பந்தியை விரலால் மூடிவிட்டு மிச்சத்தை வாசியுங்கள். ஒன்றும் குறையவில்லையா? வெட்டுங்கள். மனப்பாடம் பண்ணிய தொடக்கம் திருத்துபவருக்கு உடனே தெரியும். ஐஈஎல்டிஎஸ் இரண்டாம் கட்டுரையில் குறைந்தது 250 சொல் கேட்கிறார்கள், அதில் ஐம்பதை எந்தத் தலைப்புக்கும் பொருந்துகிற வசனங்களுக்குக் கொடுத்தால் சொல்ல வந்ததற்கு இடம் எங்கே?

இரண்டாவது, சொல். ஐஈஎல்டிஎஸ் கட்டுரையைத் திருத்த நான்கு அளவுகோல், நான்குக்கும் சம நிறை: கேட்டதற்குப் பதில் சொன்னீர்களா, ஒழுங்காகக் கோத்தீர்களா, சொல்வளம், இலக்கணம். பெரிய சொல் தொடுவது அதில் ஒன்றை மட்டும், அங்கேயும் பொருத்தமான சொல்லுக்குத்தான் மதிப்பு. வாயால் ஒருநாளும் சொல்லாத சொல் ஒரு வசனத்தில் இரண்டு இருந்தால் ஒன்றை எடுங்கள்.

மூன்றாவது, உருவகம். கல்வி என்ற விளக்கு எங்கள் மனதில் வேர்விட்டு எங்களைக் கரைசேர்க்கிறது என்ற பொருளில் ஒரு வசனம் வந்தது. விளக்கு எப்படி வேர்விடும், வேர்விட்டது எப்படிப் படகாகும்? உங்கள் உருவகத்தைத் தாளில் படமாகக் கீற முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை அனுப்பிவிடுங்கள்.

நான்காவது, திரும்பச் சொல்வது. மார்ட்டின் லூதர் கிங் 1963 ஓகஸ்டில் வொஷிங்டனில் பேசியபோது அடுத்தடுத்த வசனங்களை ஒரே சொற்களில் தொடங்கினார். அனாஃபொரா என்பார்கள், எங்கள் பின்வருநிலையணிக்குக் கிட்டத்தட்டச் சொந்தம். அங்கே தொடக்கம் ஒன்று, தொடர்வது ஒவ்வொரு முறையும் புதிது. உங்கள் கட்டுரையில் தொடக்கம் மாறி மாறி வருகிறது, தகவல் மட்டும் அப்படியே திரும்புகிறது என்றால் அது அணி இல்லை, இடம் நிரப்பல். கேள்வி கேட்டு நிறுத்துவதும் இப்படித்தான். ஒரு கட்டுரைக்கு ஒன்று போதும், அதற்கும் அடுத்த வசனத்தில் பதில் இருக்கவேண்டும்.

கடைசி, அடுக்கு. மூன்று விஷயத்தை அடுக்கும்போது மூன்றும் ஒரே வடிவமா? "ரீடிங், டு ஸ்விம் அண்ட் மியூசிக்" என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் பார்த்தால் எந்த அணியும் காப்பாற்றாது. மூன்றையும் "-இங்" ஆக்குங்கள்.

## அறிகுறி: ஒரு பிழையும் இல்லை, ஆனால் நம்ப முடியவில்லை

இதைத்தான் "கிராமர் மட்டும்" கேட்பவர்கள் எதிர்பார்ப்பதில்லை. மணிமேகலையின் 29 ஆம் காதையில் அறவண அடிகள் பக்கப்போலி, ஏதுப்போலி, எடுத்துக்காட்டுப்போலி என்று வகைபிரித்துச் சொல்லிக்கொண்டே போவார். போலி வாதம் ஒன்றும் எங்களுக்குப் புதிதில்லை. அவற்றின் லத்தீன் பெயர்களை மனப்பாடம் பண்ணத் தேவையில்லை, கட்டுரையில் அவற்றை எழுதினாலும் தனிப்புள்ளி இல்லை. திருத்த லேசானதிலிருந்து போவோம்.

"எல்லாரும்", "எப்போதும்" என்று எழுதியிருக்கிறீர்களா? கனடாவில் இருக்கும் மாமா ஆங்கிலம் தெரியாமலே கடை வைத்து முன்னேறினார், ஆகவே ஆங்கிலம் தேவையில்லை. ஒரு மாமாவை வைத்து உலகத்தை அளந்த கதை. "எல்லாரும்" என்பதைப் "பலர்" ஆக்குங்கள், மாமாவை உதாரணமாக மட்டும் வையுங்கள். ஒரு நிமிட வேலை.

"பிகோஸ்" க்குப் பின்னால் புதிதாக ஏதாவது இருக்கிறதா? "ஆங்கிலம் அவசியம், ஏனென்றால் அது மிகவும் முக்கியமான மொழி." வட்டத்தில் ஓடுகிறது. எனக்கு வருகிறவற்றில் அதிகம் காண்பது இதுதான், எழுதியவருக்கோ காரணம் சொல்லிவிட்ட திருப்தி. "பிகோஸ்" க்கு முன்பாதியையும் பின்பாதியையும் இடம் மாற்றிப் பாருங்கள். மாற்றியும் அதே பொருள் வந்தால் காரணம் இன்னும் எழுதப்படவில்லை.

இரண்டே வழிதான் என்று சொல்கிறீர்களா? ஆங்கில மொழிமூலம் படிக்கவேண்டும், இல்லாவிட்டால் வேலையில்லாமல் இருக்கவேண்டும். தமிழில் படித்து ஆங்கிலத்தைப் பாடமாகப் பிடித்தவர்கள் எங்கே போனார்கள்? மூன்றாவது வழி ஒன்றை நீங்களே எழுதி, அது ஏன் சரிவராது என்று சொல்லுங்கள். வாதம் இரட்டிப்புப் பலமாகும்.

பிறகு நடந்தது என்பதால் அதனால் நடந்ததா? யாழ்தேவி ரயில் 2014 இல் மறுபடியும் யாழ்ப்பாணம் வரை ஓடத் தொடங்கியது, அதற்குப் பிறகு இளையவர்கள் பலர் வெளிநாடு போனார்கள், ஆகவே வெளிநாட்டு மோகத்துக்கு யாழ்தேவி காரணம். இப்படிச் சொன்னால் சிரிப்பு வருகிறது. ரயிலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கைபேசியை வைத்து எழுதினால் ஒருவரும் சிரிப்பதில்லை, வாதத்தின் வடிவம் மட்டும் அதேதான். நடுவில் என்ன நடந்து இது அதுவானது என்று ஒரு வசனமாவது எழுத முடியவேண்டும்.

எதிர்த்தரப்பு சொல்லாததை அடிக்கிறீர்களா, ஆளை அடிக்கிறீர்களா? வகுப்பறைக்குள் கைபேசி வேண்டாம் என்பவரைத் தொழில்நுட்பமே வேண்டாம் என்பவராக மாற்றிவிட்டு அடிப்பது வைக்கோல் பொம்மை. "அவருக்கு வயது போய்விட்டது, அவருக்கு என்ன தெரியும்" என்பது ஆட் ஹோமினெம், சந்தியில் நின்று கதைக்கும்போது எல்லாரும் செய்வதுதான், எழுத்தில் வந்தால் அசிங்கமாகத் தெரியும். திருத்த, எதிர்த்தரப்பின் கருத்தை அவரே தலையாட்டும் விதமாக ஒரு வசனத்தில் எழுதிவிட்டு, பிறகு பதில் சொல்லுங்கள்.

இவ்வளவும் திருத்தியும் முடிவு ஒட்டவில்லையா? கட்டுரை முழுக்கச் சொன்னது ஒன்று, கடைசிப் பந்தியில் முடிவு வேறு. இதுதான் செலவு கூடிய கோளாறு. காரணங்களை வளைக்காதீர்கள், முடிவை மாற்றுங்கள். பரீட்சையில் எந்தப் பக்கம் நின்றாலும் புள்ளி உண்டு.

## அறிகுறி: கடிதம் அதட்டுவதுபோல இருக்கிறது என்கிறார்கள்

"தாங்கோ", "அனுப்புங்கோ" என்பதில் இருக்கிற மரியாதை "ஸெண்ட் மீ" என்பதற்குள் வராது, "ப்ளீஸ்" சேர்த்தாலும் முழுக்க வராது. "குட் யூ" என்று கேள்வியாகத் தொடங்குங்கள். "டூ த நீட்ஃபுல்" இங்கே கந்தோர்களில் ஓடும், வெளிநாட்டில் என்ன செய்யச் சொல்கிறீர்கள் என்று கேட்பார்கள். செய்யவேண்டியதை நேரே எழுதுங்கள். "டியர் சேர்" என்று தொடங்கினால் கடைசியில் "யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி", பெயர் சொல்லித் தொடங்கினால் "யுவர்ஸ் சின்சியர்லி".

## எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்

பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி போன்றவற்றை நீங்களும் மொழிபெயர்க்கக்கூடாது, நானும் கூடாது. சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் போங்கள். விசாவுக்கும் வழக்குக்கும் எழுதும் வாக்குமூலம் என்றால் சட்டத்தரணி பார்க்கவேண்டும், அங்கே ஒரு காலப்பிழை நீங்கள் சொன்னதையே மாற்றிவிடும்.

ஒரே வகைப் பிழை கட்டுரைக்குக் கட்டுரை திரும்பி வந்தால், மேலே சொன்ன சோதனைகள் செய்தும் உங்கள் கண்ணில் அது படவில்லை என்றால், ரியூசன் ரீச்சரிடம் போகும் நேரம் வந்துவிட்டது. சொல்ல வந்ததைத் தமிழிலேயே ஒருவருக்கு விளங்கச் சொல்ல முடியவில்லை என்றால் மட்டும் காசு கொடுக்காதீர்கள். அந்தக் கோளாறு ஆங்கிலத்தில் இல்லை. முழுக் கட்டுரையும் எழுதித் தருகிறோம் என்பவர்களிடம் போகவே வேண்டாம், அதே கட்டுரை இன்னும் யாருக்கு விற்கப்பட்டது என்று உங்களுக்குத் தெரியாது, பல்கலைக்கழகத்தின் மென்பொருளுக்குத் தெரியும்.

ரீச்சரிடம் போகும்போது திருத்தி அழகாகத் திரும்ப எழுதிய பிரதியைக் கொண்டுபோகாதீர்கள். வெட்டும் குத்துமாக இருக்கிற பழைய கொப்பியும் கேள்வித்தாளும் வேண்டும். கேள்வி கையில் இல்லாமல், கேட்டதற்கு நீங்கள் பதில் எழுதவில்லை என்பதை அவரால் கண்டுபிடிக்க முடியாது.